அழுக்கு வாய் தேவை

மனித இனத்தின் புன்னகையைக் காக்கும் மாபெரும் பொறுப்பு பல்தூய்மை இளங்கலை மாணவர்களின் தோள்களில் இருப்பதாகத் துணைவேந்தர் ஆண்டுதோறும் முழங்குவார். ஆனால் வீட்டுக்கு வீடு பல் துலக்கும் மெஷின் வந்தபிறகு, அந்தத் தோள்களுக்கு வேலையே இல்லை. இறுதித் தேர்வுக்கோ பற்காறை படிந்த வாயுள்ள ஒருவரை மாணவியே தேடிப் பிடித்துக் கூட்டிவந்து சுத்தம் செய்து காட்ட வேண்டும். இரண்டு முறை ஆள் கிடைக்காமல் தேர்வைத் தவறவிட்டிருந்தாள் மரகதவல்லி. இந்த முறையும் தவறினால் பட்டம் கிடையாது.

கடைசியில் தாய்மாமன் சடையப்பன்தான் இரங்கினார். அவளுக்காக ஆறு மாதமாக மெஷினைத் தொடவில்லை. அத்தை அவருடைய படுக்கையை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டாள்.

தேர்வன்று அவர் தேர்வு அதிகாரிகள் முன்னால் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். பற்கள் பளிச்சென்று மின்னின.

"என்ன மாமா இது?" என்றாள் மரகதவல்லி.

"இம்புட்டுப் பெரிய ஆளுக முன்னாடி வாயத் தொறக்கணும்ல தாயி? மாமன் வாயப் பாருன்னு ஒருத்தன் உன்னைய எளக்காரமாப் பேசிறக் கூடாதுல்ல! அதான் காலையில மெஷின ரெண்டு தடவ ஓட்டிட்டு வந்தேன்."

தேர்வு அதிகாரி கையுறையைக் கழற்றினார். வாய் சுத்தமாக இருந்ததால், பல்தூய்மைத் தேர்வில் மரகதவல்லி தோற்றாள்.