ஹல்வோர் ஆடினான்

"செத்துப்போன பொண்டாட்டி தோராவைக் கடல்ல எறக்கி முழுசா ஒரு வாரம் ஆகல. ஆடுறான் பாரு" என்றாள் மார்த்தே.

கப்பலின் மேல்தளத்தில் ஹல்வோர் ஆடிக்கொண்டிருந்தான். சும்மா இல்லை, எகிறி எகிறி ஆடினான். செருப்பு தைக்கும் லார்ஸ் பிடில் வாசிக்க, நார்வேயிலிருந்து கூடவே வந்த சனத்தில் பாதி அவனைச் சுற்றி நின்று கைதட்டியது.

எதிரே நியூயார்க் கரை தெரிந்தது. காலையில்தான், அதுவரை படுத்திருந்த வைக்கோல் மெத்தைகளையெல்லாம் கடலில் வீசிவிட்டு, கீழ்த்தளத்தை வினிகர் ஊற்றித் தேய்த்திருந்தார்கள். இனி டாக்டர் படகில் வந்து பார்ப்பதுதான் பாக்கி. உடம்பு சுட்டால், தொற்று என்று தீவு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை.

"இந்த நேரத்துல ஜெபம் பண்ணுவானா, சாத்தானோட வாத்தியத்துக்குக் குதிப்பானா?"

மார்த்தே அப்படித்தான் வளர்ந்தவள். அவள் அப்பா ஊரிலிருந்த பிடில்களை எல்லாம் விலைக்கு வாங்கி அடுப்பில் வைத்தவர்.

ஹல்வோர் நேராக அவளிடமே வந்து கையை நீட்டினான். "வாங்கக்கா, ஒரு சுத்து."

"தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன். வெக்கமா இல்லையாடா ஒனக்கு?"

அவன் அடுத்த ஆளைப் போய் இழுத்தான். கிழவர்களை இழுத்தான், பிள்ளைகளை இழுத்தான். கடைசியில் கீழே இறங்கி, நடுக்கடலில் பிள்ளை பெற்ற ராந்தியையும் அவள் புருஷனையும் கூட்டி வந்து கும்பலின் நடுவில் நிறுத்தினான்.

"பச்சை ஒடம்புக்காரிடா அவ. அவளைக்கூட விட மாட்டியா?" என்று கத்தினாள் மார்த்தே. பிடில் சத்தத்தில் யார் காதில் விழும்?

டாக்டரின் தொப்பி கப்பல் விளிம்பில் தெரியும்வரை ஆட்டம் நிற்கவில்லை.

வரிசையில் நின்றார்கள். எல்லா முகமும் சிவந்து வேர்த்துக் கொட்டியது. டாக்டர் முதலில் நின்ற நாலைந்து பேர் நெற்றியைத் தொட்டார். எல்லாம் அடுப்பாகச் சுட்டன. இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"இவ்வளவு ஆட்டம் போடுறவங்களுக்கு வியாதி எங்கேருந்து வரும்ங்கிறாரு" என்றான் கூட நின்ற, இங்கிலீஷ் தெரிந்த மாலுமி.

ராந்தியையும் அப்படியே தாண்டிப் போனவர், மார்த்தேயிடம் வந்து நின்றார். ஆடாத முகம் வெளுத்திருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணை இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார்.

"ஒங்களுக்கு மட்டும் ஒடம்புக்கு என்னன்னு கேக்குறாரு."

"ஒண்ணுமில்ல. பக்தி" என்றாள் மார்த்தே.

டாக்டர் இறங்கிப் போனார். ஹல்வோரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று மார்த்தே கிளம்பினாள். வழியில் ராந்தி கால் தடுமாறிச் சாய, ஓடிப்போய்த் தாங்கினாள். கடல்காற்றில் எல்லோருக்கும் வேர்வை அடங்கி நேரமாகியிருந்தது. ராந்தியின் கை மட்டும் கொதித்தது.

"பால் கட்டிக்கிட்டு ஜுரம்க்கா" என்றான் அவள் புருஷன், குரலைத் தாழ்த்தி. "டாக்டர் என்ன ஜுரம்னு பிரிச்சா பாக்கப் போறாரு? இவளைத் தீவுக்குக் கொண்டு போயிட்டா பச்சைப் புள்ளை என்ன ஆகும்? ஹல்வோர்தான் சொன்னான், எல்லார் ஒடம்பும் சுட்டா இவ ஒடம்பு தெரியாதுன்னு."

மார்த்தே ராந்தியை அவன் தோளில் சாய்த்துவிட்டு நடந்தாள்.

ஹல்வோர் கப்பலின் பின்பக்கம், வந்த வழியைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"திட்டுறதுன்னா அப்புறமா திட்டுங்கக்கா" என்றான் அவன், திரும்பாமலே. "மொதல்ல தோராவுக்கு அழுதுக்கிறேன்."