ஏழு பெயர்கள்

ஏழாவது பெயரைக் கர்னல் மெதுவாகத்தான் வாசித்தார்.

"சிப்பாய் இன்னாசிமுத்து."

மைதானத்தில் நின்ற அறுநூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஆஜர்."

செத்துப் பதினாறு வருடமான ஒருவனுக்காக.

அந்தப் பட்டாளத்தின் வழக்கம் அது. சண்டையில் விழுந்தவர்களின் பெயரை, அன்று அவர்களை வழிநடத்திய அதிகாரிதான் ஆண்டுக்கு ஒரு காலை வாசிக்க வேண்டும். அவர் ஓய்வு பெற்றுவிட்டால் பெயர்கள் நினைவுக் கல்லுக்குப் போய்விடும். அப்புறம் அவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கர்னல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதே பையில் விருப்ப ஓய்வு விண்ணப்பமும் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்த வருடத்துக்கு அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

இனிப் பதவி உயர்வு கிடையாது என்று தெரிந்து நாலு வருடம் ஆகிறது. அவரிடம் வேலை பழகியவன் இன்று பிரிகேடியர். காலையில் அவனுக்கு சல்யூட் அடித்தபோது கை கூசத்தான் செய்தது.

மனிதர் ஏன் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று மெஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். நாட்டுப்பற்று என்பான் ஒருவன். வீட்டில் போய் என்ன செய்வார் பாவம் என்பான் இன்னொருவன்.

ஓடை வழியாகப் போங்கள் என்று அந்த ஏழு பேருக்கும் சொன்னவர் அவர்.

மேட்டு வழியாக அனுப்பியிருந்தால் எல்லோரும் திரும்பியிருப்பார்கள். இது அவருக்கு மட்டுமே தெரியும்.

பதினொன்றே முக்காலுக்கு விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் மதுரையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாள். வாரம் மூன்று நாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் விடுகிறார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம், புனிதா."

போன வருடமும் இதைத்தான் சொன்னார். இயந்திர இரைச்சலுக்கு மேல் அவள் கேட்டாள்.

"ஏழு பேரும் ஆஜராயிட்டாங்களா?"

"ம்."

"நான் கூப்பிட்டாத்தான் ஆளக் காணோம்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்துப் பிரித்தார். முதல் பெயரிலிருந்து மறுபடி படித்துக்கொண்டு வந்தார்.

ஏழாவதற்குக் கீழே இன்னொரு பெயர் எழுத இடம் இருந்தது.