நாலாவது பாட்டு

டாங்கோ நடனத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பெண்ணோடு ஆட ஆரம்பித்தால் நாலு பாட்டு முடியும்வரை விடக்கூடாது. புதுச்சேரியில் மர்சலினோடு நான் முதன்முதலில் ஆடிய சாயங்காலம், மூன்றாவது பாட்டோடு கரண்ட் போய்விட்டது.

"கைய விடாதீங்க, இன்னும் ஒண்ணு பாக்கி. அது முடிஞ்சதும் நான் பிரான்சுக்குக் கெளம்பணும்" என்றாள்.

நான் விடவில்லை. மூன்றாவது பாட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள், எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஊரிலிருந்த டாங்கோ இசைத்தட்டுகளை எல்லாம் வாங்கிக் கிணற்றில் போட்டேன். இன்றும் வாளி தாளம் தப்பாமல்தான் மேலே வரும். ஆனாலும் எங்காவது ரேடியோ கரகரத்தால் என் கால் தானாகப் பின்னால் போய்விடும். கட்டிலுக்கடியில் இருக்கும் பிரயாணப் பெட்டியை அவள் வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பாள்.

நேற்றுக் காலை, மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு டாங்கோ போட்டார். மர்சலின் மீனை அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"முட்டி வலிக்குதுடி."

"அம்பத்தொரு வருசமா இல்லாத வலியா? வாங்க."

ஆடினோம். கரண்ட் போகவேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். மின்விசிறி முன்னைவிட வேகமாகச் சுற்றியது. பாட்டு முடிந்தது. முடிந்ததும் பெண்ணை அவள் இடத்தில் கொண்டுபோய் விடவேண்டும், அதுவும் சட்டம்.

"எங்க கொண்டுபோய் விடட்டும்?" என்றேன்.

"இருங்க, யோசிக்கிறேன்."

இன்னும் யோசிக்கிறாள். இதை நான் ஒற்றைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.