பல்லில் கடித்த குழாய்

மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து நினைவிழந்து கிடந்த ராஜகனி கண்விழித்ததும், அவளுக்கு ஏறிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மருந்தைப் பற்றி டாக்டர் சொன்னார். ரத்தம் பட்டால் மூளைச் செல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று கத்தியே சாகுமாம். இந்த மருந்து அவற்றின் காதைப் பொத்துமாம். ஒப்பிட்டுப் பார்க்க, ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் வெறும் உப்புநீராம்.

“எனக்கு எது?”

“எங்களுக்கே தெரியாதும்மா. உங்க தம்பி சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டார். வேண்டாம்னா நிறுத்திடலாம்.”

ராஜகனி இடது கையால் மருந்துக் குழாயை மடக்கினாள். சொட்டு நின்றது. பக்கத்தில் நின்ற தம்பியை முறைத்தாள்.

“என் மண்டைக்கு நீ யாருல கையெழுத்துப் போட?”

சம்மதத் தாளை முன்னால் வைக்கச் சொன்னாள். வலது கை அசையவில்லை. மடக்கிய குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் தம்பியின் பெயரை அடித்துவிட்டு, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். பிறகுதான் பல்லை விட்டாள்.

“இப்ப ஏத்துங்க.”