மூன்றாம் பக்கம்

அலுவலக வாயிற்காவலர் எப்போதும்போல எழுந்து வணக்கம் வைத்தார். பதிலுக்குக் கையைத் தூக்கப்போன தபாலம்மாவின் முழங்கையை அத்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"வணக்கம் வைக்காதே. இன்னும் இங்கதான் வேலை பாக்கறேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அத்தான் வக்கீல். அவர் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒருவரும் நிம்மதியாக ஒரு கையெழுத்துப் போட்டதில்லை.

அந்த அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, மேலாளரின் மேஜைக்குக் கொண்டுபோவதுதான் தபாலம்மாவின் வேலை. பத்தொன்பது வருஷம். இரண்டு வாரத்துக்கு முன் போதும் என்று உதறிவிட்டாள்.

ராஜினாமாக் கடிதம் நான்கு பக்கம். மேலாளர் ஒருநாளும் தன்னை நிமிர்ந்து பார்த்ததில்லை என்று தொடங்கி, நெஞ்சில் கிடந்த அத்தனையையும் கொட்டியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் கொஞ்சம் ஓவராகவே போயிருந்தாள்.

நேரில் கொடுத்தால் சட்டப்படி நிற்காது என்றார் அத்தான். பதிவுத் தபாலில் அனுப்பினாள். பெற்றுக்கொண்டதற்கான அட்டை காவலரின் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

அந்த மூன்றாம் பக்கத்தைப் படிக்கும்போது மேலாளரின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்தே, தினமும் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

பிறகுதான் விட்டுவந்த சாமான்களின் ஞாபகம் வந்தது. நாற்காலிக்கென்று தைத்த மெத்தை, குடை, மூக்குக்கண்ணாடி, சொந்தக் காசில் வாங்கிய மேஜை விசிறி.

உள்ளே நுழைந்தால் அத்துமீறல், இழுப்பறையைத் திறந்தால் திருட்டு என்று அத்தான் பயமுறுத்தினார். பட்டியலை மூன்று பிரதி எடுக்கச் சொன்னார். எப்படியோ வீடு வந்து சேர்ந்திருந்த அலுவலகக் கத்தரிக்கோலும், எதிர்வழக்குக்கு இடம் கொடுக்காமலிருக்க, செய்தித்தாளில் சுற்றி இப்போது பைக்குள் இருந்தது.

தபாலம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பிடித்துக்கொடுத்துவிடுவார்களோ?

யாரும் தடுக்கவில்லை. மேலாளரின் அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சாம்மா? நீங்க இல்லாம தபாலெல்லாம் அப்படி அப்படியே கெடக்கு."

காய்ச்சலா?

தன் மேஜையைப் பார்த்தாள். இரண்டு வாரத் தபால் குவிந்து கிடந்தது. ஒரு உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பிரிப்பது அவள் வேலை.

குவியலின் அடியில், அவளுடைய குண்டு குண்டான எழுத்தில் முகவரி எழுதிய பதிவுத் தபால்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "சட்டப்படி..." என்று ஆரம்பித்தார். 

தபாலம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் பக்கத்தை ஒருவருமே படிக்கவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள். உறையைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் 'பெறப்பட்டது' என்று குத்தினாள். கடைசிப் பக்கத்தில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது'. சாமான் பட்டியலை நடுவில் செருகினாள். எடுத்துப்போய் மேலாளரின் முன்னால் வைத்தாள்.

அவர் நிமிரவில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி, முத்திரைக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்கம்மா. நெறைய வேலை கெடக்கு."