வாயாடி

"முதல்ல பேர் வைங்கண்ணா. அப்புறம்தான் இன்ஸ்டால்."

திரையின் ஓரத்தில் அவள் எழுத்து வந்து விழுந்தது. மென்பொருள் கம்பெனியின் உதவிப் பிரிவில் யாராவது வருவார்கள் என்றுதான் அவர் அரட்டைப் பெட்டியைத் திறந்தார். 'உம்மணாமூஞ்சி அண்ணாவா?' என்று கேட்டுக்கொண்டு வந்தாள் வாயாடி.

ஒரு காலத்தில் இதே சர்வர் அறையில், இவருக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. ஏசி இரைச்சலை மீறிப் பேசுவாள். கேபிளைத் திட்டுவாள். காபி மெஷினிடம் நலம் விசாரிப்பாள். அப்போது வந்த சர்வரும் லேசுப்பட்டதல்ல. வட்டு நிரம்பினாலும் மெயில், விசிறி முனகினாலும் மெயில். அதன் புகாருக்கு முன் எந்த நாத்தனாரும் தோற்றுப்போவாள். இவர் அதற்கு அவளுடைய பட்டப்பெயரையே வைத்தார். பதிலுக்கு அவள் இவருக்கு வைத்ததுதான் உம்மணாமூஞ்சி.

அந்தச் சர்வருக்கு இன்றோடு ஓய்வு. புதியது பெயரில்லாமல் காத்திருந்தது.

"என்ன பேர் வைக்கப் போறீங்க?"

"மேலிடத்து உத்தரவு. கிளை எண், மாடி எண், சர்வர் எண்," என்று தட்டினார்.

"கைதிக்கு வைக்கிற மாதிரியா? வாயாடின்னே வைங்கண்ணா. இன்ஸ்டால் பண்ணிட்டா அப்புறம் பேரைத் தொட முடியாது. தொட்டா சாஃப்ட்வேர் தன்னையே தேடிக்கிட்டு அலையும். மேலிடம் குதிச்சாலும் ஒண்ணும் நடக்காது."

அவர் சிரித்துவிட்டார். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று.

"வைக்கறேன். ஒரு நிபந்தனை. போன் பண்ணு. உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

"மைக் செத்துப்போச்சுண்ணா."

"செல்போனும் கூடவே செத்துப்போச்சா?"

"பக்கத்துல எல்லாரும் வேலை பாக்கறாங்க. தொந்தரவா இருக்கும்."

"நீயா பேசற? தீயணைப்பு ஒத்திகையில படிக்கட்டுல நின்னு கதை சொல்லி, மொத்த மாடியையும் மறிச்சவளாச்சே!"



"அதெல்லாம் அப்போ."

அவருக்குச் சுருக்கென்றது. பெரிய கம்பெனி, பெரிய வேலை. இனி உம்மணாமூஞ்சியோடு பேச அவளுக்கு என்ன இருக்கிறது? பெயர் கேட்ட கட்டத்தில் மேலிடத்து எண்களையே வரிசையாகத் தட்டினார்.

"உத்தரவுப்படியே போட்டாச்சு. என்டர் தட்டறதுதான் பாக்கி."

"வாய்விட்டுப் படிச்சீங்களா?"

அது அவள் போட்ட சட்டம். எதை அடித்தாலும், என்டருக்கு முன் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண் ஏமாறும், காது ஏமாறாது என்பாள். ஆனால் ஒருநாளும் இவர் படித்ததில்லை. இவர் அடிப்பார், அவள் படிப்பாள். அந்தக் குரல் சரி என்றால்தான் இவர் விரல் இறங்கும்.

"அது உன் வேலை. போன் பண்ணிப் படி. இல்லேன்னா இப்பவே தட்டிடுவேன்."

விரலை என்டர்மேல் வைத்தார். அவள் தட்டுவதைக் காட்டும் மூன்று புள்ளிகள் திரையில் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின.

"தொண்டையில ஆபரேஷன்ணா. உயிரை விட்டுவச்சுட்டுக் குரலை எடுத்துட்டாங்க. அந்த ரூம்ல அந்தப் பேராவது பேசிக்கிட்டிருக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."

அவர் எண்களை ஒவ்வொன்றாக அழித்தார். பழைய பெயரை அடித்தார். பிறகு, கேட்க ஆளில்லாத அந்த அறையில், உம்மணாமூஞ்சி முதன்முறையாக வாய்விட்டுப் படித்தார்:

"வாயாடி."