குட்டையா, நடுத்தரமா?

"துப்பாக்கி சிக்காம சுடணும்னா குட்டை கேஸ் குழாய்தான், வெர்லின்!" என்று, இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருந்த துப்பாக்கியின் மேல் குனிந்தபடி டாயில் வழக்கம்போலக் கத்தினான்.

"போடா! இந்தத் துப்பாக்கிக்கு நடுத்தரக் குழாய் போட்டாத்தான் தோளை உதைக்காது."

வெர்லினின் மனைவி மார்லீன் காபி கொண்டுவந்தாள். திடீரென்று வெர்லின் பெருமூச்சு விட்டான்.

"சரிடா, நீயே ஜெயிச்சே. குட்டையே மாட்டு. இன்னிக்கே முடிச்சிடலாம்."

டாயில் கையிலெடுத்த குழாயை அவசரமாகக் கீழே வைத்தான். "இல்லடா... யோசிச்சா நடுத்தரம்தான் சரி."

"மாசக்கணக்கா மல்லுக்கட்டிட்டு இப்பக் கட்சி மாறுறியா?"

மார்லீன் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். 'முதல் பனியைத் தாண்ட மாட்டார்' என்று டாக்டர் கைவிரித்தபோது, 'இந்தத் துப்பாக்கியை முடிச்சிட்டுத்தான் கண்ணை மூடுவேன்' என்றிருந்தான் வெர்லின். இப்போது கூரையில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாறினா மாறினதுதான். நடுத்தரம்!" என்று டாயில் அடம்பிடித்தான்.

வெர்லின் ஸ்பேனரை வீசினான். "முடியவே முடியாது! குட்டைதான்!"

டாயிலுக்கு மூச்சு வந்தது; துப்பாக்கி இன்றும் முடியப்போவதில்லை.